கேர் ஆஃப் கலியபெருமாள்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் கழித்து மலாயாவிலிருந்து ஊருக்கு வந்த நான், வந்த அன்று காலையிலேயே, கடலூர் முதுநகரில், என் சொந்த விலாசத்தின் வாசலில், வீட்டை அபகரிக்க வந்தவன் என்று சந்தேகிக்கப்பட்டேன். இதில் நான் கோபப்பட நியாயமில்லை. நான் அங்கே போனதே இன்னொருவரைச் சந்தேகப்பட்டுத்தான்.

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி, முதுநகர் ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கினேன். வருவதாக யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவன் முன்கூட்டிக் கடிதம் போடுவானா? பிடிபட வேண்டியவர் என் தங்கை அஞ்சலையின் புருஷன் கலியபெருமாள். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். பன்னிரண்டு வருஷமாக என் கடிதங்கள் எல்லாம் 'கேர் ஆஃப் கலியபெருமாள், பதினாலாம் நம்பர்' என்றுதான் வருகின்றன. பதினாலாம் நம்பர் கதவைத் தட்டினேன். கையில் துடைப்பத்துடன் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வந்தாள்.

"யாரு வேணும்?"

"கலியபெருமாள் வீடுதானே?"

"இல்ல."

"இது பதினாலாம் நம்பர்தானே?"

"நம்பர் அதான். அவுங்க இல்ல."

"அம்மா, இது என் விலாசம்," என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினேன். மலாயாவில் பழகிப்போன வழக்கம். அங்கே காகிதத்தைக் காட்டினால் மனிதர்கள் அமைதியாகிவிடுவார்கள். இங்கே அந்த அம்மாள் உள்ளே திரும்பிக் கத்தினாள்: "இங்க கொஞ்சம் வாங்களேன்! யாரோ ஒரு ஆளு வூடு அவருதுன்னு புஸ்தகம் காட்டுறாரு!"

பாதி முகம் சோப்பு நுரையோடு அவள் புருஷன் வந்தார். "வூட்டுக்காரரு புதுச்சேரில இருக்காரு. நீ எந்த ஊரு?"

"இந்த ஊர்தான்."

"எந்தத் தெரு?"

"இதே தெரு."

"எந்த வூடு?"

"இதே வீடு."

அவர் என் பெட்டியைப் பார்த்தார். சவரக் கத்தி அவர் கையிலேயே இருந்தது. நான் இரண்டு படி கீழே இறங்கி நின்றேன்.

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லவேண்டும். மலாயாத் தோட்டங்களில் கிராணி என்றால் கணக்கும் ஆள் பெயரும் எழுதும் குமாஸ்தா. அதிலும் நான் பதிலாள் கிராணி. எந்தத் தோட்டத்துக் கிராணி லீவில் ஊருக்குப் போகிறாரோ அந்த நாற்காலியில் போய் உட்காருகிறவன். ஆறு மாதம் இங்கே, நாலு மாதம் அங்கே. வேறொருவர் கட்டில், வேறொருவர் தலையணை, வேறொருவர் மாட்டிய காலண்டர். தலையணையில் என் தலைக்குக் குழி விழுவதற்குள் சொந்தக்காரர் திரும்பி வந்துவிடுவார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு, பெண்ணுக்கு எந்த விலாசத்தைக் கொடுப்பது என்று பதில் சொல்வேன். உண்மைக் காரணம் வேறு. யாரும் பெண் கொடுக்கவில்லை.

அந்த நாட்டில் எந்தப் பாரத்தை எடுத்தாலும் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மூரில் அப்படி ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை. இன்னார் மகன் என்று சொன்னால் போதும், தபால்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். அங்கே நான் யார் மகன் என்று கேட்க நாதியில்லை. கட்டம் காலியாக இருந்தால் மட்டும் பேனாவால் தட்டிக் காட்டுவார்கள். அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு, தங்கை வீடு. பர்மிட்டில் அது, பாஸ்போர்ட்டில் அது, சிதம்பரத்துத் தீட்சிதர் நோட்டிலும் அதுவே.

தீட்சிதர் விஷயம் தெரியாதவர்களுக்காக: சிதம்பரத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று பரம்பரையாக ஒரு தீட்சிதர் உண்டு. ஒவ்வொரு மாதமும் என் கேட்டை நட்சத்திரத்தன்று என் பேருக்கு அர்ச்சனை செய்து, விபூதியும் குங்குமமும் ஒரு வில்வ இலையும் பழுப்பு உறையில் போட்டுத் தபாலில் அனுப்புவார். நான் ஓயாமல் இடம் மாறுகிறவன் என்பதால் உறை முதலில் கடலூருக்குப் போகும். கலியபெருமாள் நான் அப்போது இருக்கும் தோட்டத்தின் பேரெழுதித் திருப்பி அனுப்புவார். எந்தக் காட்டுக்குள் இருந்தாலும் அந்த உறை என்னைத் தேடி வந்துவிடும். நான் பெரிய பக்திமான் அல்ல. கோயிலுக்குப் போனால் செருப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் காலையில் அந்த விபூதியைத் தொடும்போது, நான் இன்னார் என்று எங்கோ ஒரு நோட்டில் எழுதியிருக்கிறது என்று ஒரு தைரியம் வரும்.

ஒரு தோட்டத்தில், இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன சின்னத் துரை இருந்தார். தபால் பையில் என் உறை கசிந்து அவர் மேஜையெல்லாம் சாம்பல்.

"இது என்ன?" என்றார்.

"சாம்பல், சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாருடையது?"

காலை ஏழு மணிக்கு, இங்கிலீஷில், சைவ சித்தாந்தம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவருடையது," என்றேன். அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். எனக்கு அரை நாள் லீவு கொடுத்தார். நானும் மறுக்கவில்லை. அடுத்த மாதம் அடுத்த உறை வந்தது. "இன்னுமா வருகிறது?" என்றார். "மாதாமாதம் வரும், சார்." அவர் உறையின் அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் ஜனங்களின் உடல்வாகைப் பற்றி மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். அதன்பிறகு நான் அங்கிருந்த வரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அவர் என்னைச் சந்தேகப்பட்டார். நான் கலியபெருமாளைச் சந்தேகப்படத் தொடங்கியதும் அந்தத் தோட்டத்தில்தான். கசிந்த உறையைப் புரட்டிப் பார்த்தபோது மடிப்பில் சோற்றுப் பருக்கை தென்பட்டது. ஊரில் சோறுபோட்டு ஒட்டுவது சகஜம். ஆனால் அடியில் இருந்தது பச்சரிசிச் சோறு, அதன் மேல் இருந்தது புழுங்கலரிசிச் சோறு. தீட்சிதர் வீட்டில் பச்சரிசி. தங்கை வீட்டில் புழுங்கல். வேறு சாட்சியம் வேண்டுமா? பழைய உறைகளைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் இரண்டு அரிசி.

இதைப் பிரிக்கிறவர் மற்றதை விட்டு வைப்பாரா? என் மற்றத் தபால்களில் என்ன ரகசியம் என்று கேட்கலாம். நான் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறவன். அவர்கள் வருத்தத்துடன் திருப்பி அனுப்புவதும் அதே விலாசத்துக்குத்தான். என் நகைச்சுவை எத்தனை முறை வருத்தத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது குடும்பத்துக்குத் தெரிய வேண்டியதில்லை அல்லவா?

பொறி வைத்தேன். தோட்டத்து ஆபீஸ் காகிதம் ஒன்றை எடுத்து, எழுத்தைச் சற்றுச் சாய்த்து, எனக்கே ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன்: "தங்கள் தங்கை புருஷர் தங்கள் பேருக்கு வரும் உறைகளைப் பிரித்துப் பார்க்கிறார். எச்சரிக்கை. நலம் விரும்பி." பழுப்பு உறையில் போட்டு, மடிப்புக்குள் என் தலைமுடி ஒன்றைக் குறுக்கே வைத்து ஒட்டினேன். என் தலை இருந்த நிலையில் அது சின்னத் தியாகம் அல்ல. ஊருக்குப் போன ஒரு சக கிராணியிடம் கொடுத்து, சிதம்பரத்தில் தபாலில் சேர்க்கச் சொன்னேன். பிரித்தால் அவருடைய குற்றப் பத்திரிகையை அவரே படிப்பார். பிரிக்காவிட்டால் எனக்கு வந்து சேரும், யாருக்கும் நஷ்டமில்லை. இவ்வளவு சாமர்த்தியத்தை வேலையில் காட்டியிருந்தால் நான் பதிலாளாகவே இருந்திருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து உறை வந்தது. முடியைக் காணோம். மேலே புழுங்கலரிசிப் பருக்கை. அன்று ஒரு நாள் முழுக்க, உலகத்தைக் கரைத்துக் குடித்தவன் போலத் திரிந்தேன். அதற்குப் பிறகு வந்த உறைகளில் பச்சரிசி மட்டுமே இருந்தது. அகப்பட்டுக்கொண்ட ஆள் அடங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அஞ்சலையின் கடிதங்களும் சுருங்கின. நாலு பக்கம் எழுதுகிறவள், நலம், மழை இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்பதோடு முடித்தாள். குற்றமுள்ள மனசு என்று அதையும் கணக்கில் சேர்த்தேன்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. வெற்றி எனக்குத்தான். ஆனால் பர்மிட் புதுப்பிக்கும் பாரம் வந்தபோது அந்தக் கட்டத்தின் முன்னால் பேனா நின்றுவிட்டது. இந்த வீட்டை அடித்துவிட்டால் எந்த வீட்டை எழுதுவது? ஒரு வீடும் நினைவுக்கு வரவில்லை. பழைய விலாசத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு லீவு கேட்டேன். கடலூரில் கலியபெருமாளை நேருக்கு நேர் கேட்பது, சிதம்பரத்தில் தீட்சிதர் நோட்டில் விலாசத்தை மாற்றுவது என்று திட்டம். என்னவாக மாற்றுவது என்பதைக் கப்பலில் யோசித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கப்பலில் ஏழு நாளும் வாந்திதான் எடுத்தேன்.

இனி, சவரக் கத்தி. அந்த மனிதர் ஒரு படி இறங்க, நான் இன்னொரு படி இறங்க, நல்ல வேளையாகத் தபால்காரர் சைக்கிளில் வந்தார். என் பெட்டியில் எழுதியிருந்த பேரைப் படித்தார்.

"மலாயாக்காரரு நீங்கதானா? கலியபெருமாளு மஞ்சக்குப்பம் போயி நாலு வருஷம் ஆச்சே!"

"அப்படியானால் என் கடிதமெல்லாம்?"

"சனிக்கிழமை சனிக்கிழமை சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்து எங்கிட்ட வாங்கிட்டுப் போறாரு. மாத்து விலாசம் ஒண்ணு எழுதிக் குடுய்யா, அங்கியே வந்துடும்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்! கேக்குற ஆளா அவரு?"

"ஏன்?"

"அவரையே கேளுங்க. இன்னிக்கு சனிக்கிழமைதான்."

நியாயமாக இதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். நான் நெகிழவில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகருக்குக் கெடில ஆற்றைத் தாண்டி நாலு மைலுக்குக் குறையாது. இன்னொருவன் தபாலுக்காக ஒரு மனிதர் வாராவாரம் நாலு மைல் மிதிக்கிறார் என்றால் அந்தத் தபாலில் அவருக்கு எவ்வளவு ஆர்வம் இருக்கவேண்டும்! எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, பேப்பரை விரித்து, அதன் பின்னால் என்னை வைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. ஹாண்டில் பாரின் இரண்டு பக்கமும் பை. தபால்காரர் கொடுத்ததை வாங்குவதற்கு முன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மற்றக் கடிதங்களை ஒரு பைக்குள் போட்டார். பழுப்பு உறையை மட்டும் காய்கறிப் பையில் படாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். தபால்காரர் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மச்சான்!" என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "வர்றதா ஒரு வரி போடக் கூடாதா?"

"வீடு மாறினதை நீங்கள் ஒரு வரி போட்டிருக்கலாமே, மாப்பிள்ளை."

"போட்டா என்னா செய்வீங்க? விலாசத்த மாத்துறேம்பீங்க. பாஸ்போர்ட்டுல அடிக்கணும், பர்மிட்டுல அடிக்கணும், சாமி நோட்டுல அடிக்கணும். அடிச்சு எழுதுன பத்திரத்தை எவன் மச்சான் மதிப்பான்? நீங்களோ வெளிநாட்டுல இருக்கீங்க. இது எதுக்கு, அது எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பான். வெலாசம் அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நான் வந்து வாங்கிக்கிறேன், ஒடம்புக்கும் நல்லது."

பத்திரம் எழுதுகிறவர்கள் கடைசி வரியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த வரிக்காகவே வாழ்கிறவர்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இடம் மாறியது போதாதென்று, என் விலாசமும் இடம் மாறியிருக்கிறது. அதை ஒருவர் சைக்கிளில் மிதித்து மிதித்து இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஆனாலும் புழுங்கலரிசி என் மனசைவிட்டுப் போகவில்லை.

மஞ்சக்குப்பத்தில் அஞ்சலை என்னைப் பார்த்து அழுதாள், திட்டினாள், சங்கரா மீன் குழம்பு வைத்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபின் மெல்ல ஆரம்பித்தேன். "உறைகள் பிரித்து ஒட்டின மாதிரி வந்துகொண்டிருந்தன..."

"ஆமா, பிரிச்சோம்," என்றாள். முகத்தில் வெட்கம், பயம் எதுவுமில்லை. "சாமி பிரசாதம் வாசப்படி ஏறி வந்திருக்கு. வெளக்கேத்தி, நெத்தியில வெச்சுக்காம, அப்படியே கடல் தாண்டி அனுப்புவாங்களா? வந்தவர வாசலோட போன்னு சொல்ற மாதிரி இல்ல? ஒரு சிட்டிகை எடுப்பேன். அதுக்கு மேல எடுத்தது இல்ல."

"அதற்கில்லை..."

"எனக்குன்னு யாருண்ணே அனுப்புறா? இவுங்க வூட்டுக்குத் திருவந்திபுரம் பெருமாளு. துளசி, தீர்த்தம், கொறை ஒண்ணுமில்ல. ஆனா அப்பா காலத்துலேர்ந்து வந்த விபூதி உன் பேருக்குத்தானே வருது? என் பேரு அந்த நோட்டுல கல்யாணத்தோட போச்சு."

நான் மீன் முள்ளை எடுப்பதில் கவனம் செலுத்தினேன்.

"போன வருஷம் எவனோ கட்டையில போறவன் மொட்டைக் கடுதாசி போட்டான். பிரசாதம்னு நெனைச்சு வெளக்கேத்திப் பிரிச்சா, உள்ள இது. இவரு கள்ளனாம். அன்னியோட நிறுத்திட்டேன். கவர் வந்தா சாமி மாடத்துல ஒரு நாள் வெச்சுட்டு, பிரிக்காம அனுப்பிடுறோம்."

"அந்தக் கடுதாசியை ஏன் எனக்கு அனுப்பினீர்கள்? கிழித்துப் போட்டிருக்கலாமே."

"உன் பேருக்கு வந்ததை நாங்க எப்படிக் கிழிக்கிறது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அயோக்கியப் பயல்," என்றேன்.

"எப்படிப்பட்ட ஆளா இருப்பான்னு நெனைக்கிறண்ணே?"

"வேலை வெட்டி இல்லாதவனாக இருப்பான்."

"பொண்டாட்டி புள்ள இல்லாதவனாவும் இருப்பான்," என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். கலியபெருமாள் இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவளே தொடர்ந்தாள்: "எங்க வெலாசம் ஒனக்கு ஒத்து வரலேன்னா இப்பவே சொல்லிடு. அவருக்கும் சைக்கிள் மிதிக்கிற வேலை மிச்சம்."

"யார் சொன்னது? எனக்கு அதுதான் விலாசம்," என்றேன். என் குரல் எனக்கே மனு கொடுப்பவன் குரல் போலக் கேட்டது.

அடுத்த கேட்டையன்று மூன்று பேரும் பஸ்ஸில் சிதம்பரம் போனோம். தீட்சிதர் நோட்டைப் பிரித்தார். என் அப்பாவின் பேர், அதன் கீழே என் பேர், கேட்டை, விருச்சிகம், முதுநகர், பதினாலாம் நம்பர்.

"அட்ரஸ் மாறிடுத்துன்னு சொல்றேளே, அடிச்சுட்டுப் புதுசா எழுதட்டுமா?" என்று பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீங்க சாமி!" என்று கலியபெருமாள் போட்ட சத்தத்தில், பக்கத்தில் கண்ணை மூடி நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடிக்கவில்லை. கீழே புது வரியில் அஞ்சலை, பூசம், கடகம், மஞ்சக்குப்பம் என்று எழுதச் சொன்னேன். அவள் நட்சத்திரத்துக்கு அவள் பேரில் உறை வரும். தீட்சிதர் இருவருக்கும் விபூதி கொடுத்தார். நெற்றியில் நாமத்தோடு நின்ற கலியபெருமாளும் ஒரு சிட்டிகை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல், கழுத்தில் பூசிக்கொண்டார். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேருக்கு நேரே இருக்கும் வீட்டில் ஒருவர் பாதி முகம் சவரம் செய்துகொண்டிருப்பார். நான் இருக்கப்போவது எந்தத் தோட்டத்தில் என்று கம்பெனிக்கே இன்னும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில், மை காய்ந்த அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் நான் குடியிருக்கிறேன் போலிருக்கிறது.

லீவு முடிந்து முதுநகர் ஜங்ஷனில் நாகப்பட்டினத்துக்கு வண்டியேறினேன். அஞ்சலை தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். கலியபெருமாள் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. பத்திரம் எழுதறவன் எழுத்தப் படிக்கிறதுக்கு முன்ன காகிதத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பான். ஒங்க தோட்டத்துக் காகிதத்துக்குள்ள கம்பெனி முத்திரை தெரியும். 'அண்ணன் வந்தா இதக் கேட்டு வெக்காதீங்க, அதுக்கு வேற போக்கிடம் இல்ல'ன்னு ஒங்க தங்கச்சி அன்னிக்கே சொல்லிட்டா. அடுத்த தடவை எழுதுனீங்கன்னா உள்ளூர்க் காகிதமா வாங்கி எழுதுங்க."